கத்திரிப்பூ நிற மருந்து

ஜூலை 8, செவ்வாய்

இன்று என் வீட்டுக்காரரை ஆராய்ச்சியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டாயிற்று. காய்ச்சல், சாப்பாடு, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லி ஜெபமலர் சிஸ்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். அதில் எழுதுகிறதை அதில் எழுதுவேன். அதில் எழுத முடியாததற்கு இந்த டைரி.

இவருக்கு ரத்தப் புற்று என்று அம்பாசமுத்திரத்தில் சொன்னபோது ஆடிப்போனது நான்தான். இவர் ஆடவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், கூட்டத்தையெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியாகத் தான் ஏறிப் பழகியவர். "எல்லாருக்கும் ஒரு ஸ்டாப் உண்டும்லா, ஆவுடை" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு இவர், இவருக்கு நான். இவர் பாட்டுக்கு ஸ்டாப் வந்துவிட்டது என்று இறங்கிப் போனால் நான் யாரோடு சண்டை போடுவது?

சென்னையில் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ரத்தப் புற்றுக்கு வழக்கமாக இரண்டு மருந்து தனித்தனியாக ஏற்றுவார்களாம். இப்போது அந்த இரண்டையும் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் ஒன்றாக அடைத்து ஏற்றுகிறார்கள். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசு. யாருக்கு எது என்று டாக்டர் சொல்ல முடியாது, கம்ப்யூட்டர்தான் சொல்லும்.

மூன்றரை மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நாலரை வரைக்கும் ராகு காலம். "நாலரைக்கு மேல போடுதோம் சிஸ்டர்" என்றேன். ஜெபமலர் சிரித்துக்கொண்டே, "அப்ப அடுத்தவங்க வாங்க" என்றாள். அடுத்து இருந்தவர்கள் பல்லடத்துக்காரர்கள். வையாபுரி என்று பெயர், விசைத்தறி வைத்திருக்கிறாராம், முகத்தில் பாதி மீசை. அவர் மனைவி மயிலாத்தாள் சட்டென்று எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு அவரையும் எழுப்பினாள். ராகு காலம் என்று சொல்லலாமா என ஒரு நொடி தோன்றியது. அவரவர் நேரம் அவரவருக்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். நாலரை தாண்டிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

வையாபுரிக்குப் புது மருந்து. இவருக்குப் பழசு.

ஜெபமலரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "யாருக்கு எதுன்னு எப்படிம்மா முடிவாவுது?"

"ஒரு வரிசை ஏற்கெனவே போட்டு மூடி வச்சிருக்கும்மா. எங்களுக்கே தெரியாது. யாரு அடுத்துப் பதிவாகுறாங்களோ, அடுத்த இடம் அவங்களுக்கு."

"அப்ப நேத்து நாங்க முதல்ல போட்டிருந்தா?"

கையிலிருந்த பைலை மூடினாள். "அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதும்மா. பழைய மருந்தும் நல்ல மருந்துதான். எது மேலன்னு தெரியாமத்தானே சோதிச்சுப் பாக்குறோம்?"

யோசிக்கக் கூடாதாம். ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டவனுக்குப் புது மருந்து, நேரம் பார்த்துப் போட்டவளுக்குப் பழசு. இதை யோசிக்காமல் வேறு எதை யோசிப்பது?

ஜூலை 10, வியாழன்

இன்று இருவருக்கும் மருந்து ஆரம்பம். இரண்டு கட்டில் உள்ள அறை, நடுவில் ஒரு திரை. ஆஸ்பத்திரியில் இவ்வளவு அறை இருக்க, பல்லடத்தை எங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

புது மருந்து கத்திரிப்பூ நிறம். நான் தையல் டீச்சர், நூல்கண்டு நிறங்களில் என் கண் தப்பாது. சுத்தமான கத்திரிப்பூ. பையில் தொங்கும்போது வெளிச்சம் பட்டால் அழகாகக்கூட இருக்கிறது, எரிச்சலாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் வையாபுரிக்கு ஏற்றி முடித்துக் கழற்றிவிட்டார்கள். அடுத்தது சனிக்கிழமை, அப்புறம் திங்கள், அவ்வளவுதான். இவருக்கு ஒரு வாரம் முழுக்க ராத்திரி பகலாக ஒரு பை தொங்கும். அதில்லாமல் மூன்று நாளைக்குச் சிவப்பு மருந்து வேறு. பாத்ரூம் போவதென்றாலும் கம்பியை உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

பெரிய டாக்டர் தன் மாணவர்களுக்கு வையாபுரியின் கட்டிலுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தினார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். இரண்டு மருந்தும் ஒரு குறிப்பிட்ட அளவில் சேர்ந்தால்தான் புற்றணுவை நன்றாக அடிக்குமாம். தனித்தனியாக ஏற்றினால் ஒன்று சீக்கிரம் கரைந்துபோகும், இன்னொன்று பின்தங்கும், போய்ச் சேருகிற இடத்தில் அந்த அளவு இருக்காது. குமிழிக்குள் அடைத்தால் எலும்பு மஜ்ஜைக்குள் போகிற வரை இரண்டும் பிரியாமல் போகும், அங்கே ரொம்ப நாள் தங்கியும் வேலை செய்யும். ஒரு பையன், "அப்போ பக்க விளைவும் ரொம்ப நாள் தங்குமா சார்?" என்று கேட்டான். டாக்டர், "நல்ல கேள்வி" என்றார். அதற்குள் இவர் தண்ணீர் கேட்டார், பதிலை நான் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வையாபுரிக்கு இன்று மருந்து கிடையாது. பேப்பர் படித்தார். சத்தம் போட்டு.

ஜூலை 12, சனி

இன்று ஒரு காரியம் செய்தேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

வையாபுரிக்கு இரண்டாவது பை முடிந்து கழற்றும்போது அடியில் கொஞ்சம் கத்திரிப்பூ நிறம் மிச்சம் இருந்தது. டியூபுக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை மஞ்சள் வாளியில் போடப்போனாள். "ஏ பிள்ளே, அதுல மிச்சம் கெடக்கே. வீணாத்தானே போவுது, இவியளுக்கு ஏத்தப்பிடாதா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை! ஒருத்தர் ரத்தத்தோடு சேர்ந்த டியூபை இன்னொருத்தருக்குப் போட முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள். அது எனக்குத் தெரியாதா?

இவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூட வந்தவர்கள் தங்குகிற விடுதியில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. ரத்தப் புற்றுக்காரர்களுக்கு எல்லாம் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். தயிர் கூடாது, பச்சைக் காய் கூடாது, குக்கரைத் திறந்த சூட்டில் சாப்பிட்டுவிட வேண்டும். காலையில் எனக்கு முன்னாலேயே மயிலாத்தாள் அடுப்பில் நிற்கிறாள். எனக்கும் சேர்த்து வெந்நீர் போட்டு வைக்கிறாள். இந்த மாதிரி ஆட்களிடம் கோபப்படவும் முடிவதில்லை, அது ஒரு தொல்லை.

"ஏனுங் டீச்சர், உங்க ஊட்டுக்காரரு நேத்து ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?"

"நல்லா சாப்புட்டாவ. ரெண்டு இட்லி." ஒன்றில் பாதிதான் சாப்பிட்டார். அதையும் வாந்தி எடுத்தார்.

"எங்க ஊட்டுக்காரரு பருப்புச் சோறு கேட்டு ஒரே ரகளைங்க. ஞாயித்துக்கிழமை பசங்க ரெண்டு பேரும் வர்றாங்க. உங்களுக்கு ஏதாச்சும் வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

பருப்புச் சோறு. இரண்டு பசங்கள். புது மருந்து. கடவுள் கணக்கில் ரொம்பத் தாராளம், ஒரே வீட்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"எங்களுக்குக் குடுக்கது ரொம்ப வருசமா எல்லாருக்கும் குடுத்துப் பாத்த மருந்து. இதுதான் நம்பிக்கையானதுன்னு டாக்டர் சொன்னாவ" என்றேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. மயிலாத்தாள் முகம் கொஞ்சம் வாடியது. அதற்கப்புறம் என் காபி நன்றாக இருந்தது.

ஜூலை 23, புதன்

இவர் தலைமுடி தலையணையோடு போய்விட்டது. புருவம்கூட மெலிந்துவிட்டது. வையாபுரிக்கு முடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, மீசை மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் சீப்பை வைத்து வாருகிறார். ஒரு மனிதனின் மீசையைப் பார்த்து இவ்வளவு ஆத்திரம் வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இருவருக்கும் வெள்ளை அணு கவுண்ட் அடியோடு இறங்கிவிட்டது. மருந்து அப்படித்தான் செய்யும், நல்லது கெட்டது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புதிதாக ஏறும், அதுவரை எந்தக் கிருமி வந்தாலும் ஆபத்து என்கிறார்கள். கவுண்ட்டைக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிறிய பலகையில் எழுதுகிறார்கள். நான் இவர் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த பலகையையும் பார்க்கிறேன். சும்மா கண் போகிறது.

ஜூலை 26, சனி

இவருக்கு நூற்று மூன்று காய்ச்சல். நடுங்குகிறார். கம்பளிக்கு மேல் என் கம்பளியையும் போட்டேன். டாக்டரிடம், "அந்தக் கட்டில்காரருக்கு ஏன் காய்ச்சல் வரலை?" என்று கேட்டேன். "அவருக்கு வரலைன்னா நல்லதுதானேம்மா" என்றார்.

டாக்டர் போனபின் இவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

"ஆவுடை. என்னத்துக்கு அந்தப் பக்கமே பாக்க?"

"நான் எங்க பாக்கேன்?"

"அவியளைப் பாத்தா ஒனக்கு எரியுது."

"எனக்கு என்ன எரிய இருக்கு? நியாயம் கேக்கேன். நமக்கு வர வேண்டியது அது."

"வர வேண்டியதுன்னு அதுல நம்ம பேரு எழுதியிருந்துச்சா? அவரு நல்ல மனுசன்ளா. நான் முனங்கினா எனக்கு முந்தி அவருதான் பெல்லை அடிக்காரு."

எனக்குத் தெரியும் அவர் நல்ல மனிதர் என்று. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

வையாபுரிக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. இன்று நன்றாகத் தூங்கினேன். பல நாள் களைப்பு.

ஆகஸ்ட் 4, திங்கள்

இவருக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டார். பாதி டம்ளர் உள்ளே போய் அங்கேயே நின்றது.

வையாபுரி பேப்பர் படிப்பதில்லை. இருமல். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அறை அமைதியாக இருக்கிறது, இந்த அமைதியைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இவர் கவுண்ட் ஏறிவிட்டது! நேற்று கொஞ்சம், இன்று இரண்டு மடங்கு. வையாபுரி பலகையில் இன்னும் அடிமட்டம்தான். புது மருந்து மஜ்ஜையில் அதிக நாள் தங்குவதால் கவுண்ட் ஏறுவதும் தாமதமாகும், எதிர்பார்த்ததுதான் என்கிறாள் ஜெபமலர். அன்று அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் போலிருக்கிறது. அந்தக் குமிழியைப் பார்த்தா நான் இப்படி வெந்து செத்தேன்?

குதிக்க வேண்டும் போலிருந்தது. சமையலறைக்குப் போனேன். மயிலாத்தாள் குக்கரின் முன்னால் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தாள், அடுப்பையே பற்ற வைக்கவில்லை. நான் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு அரிசி கழுவினேன். இவர் எப்படி என்று கேட்டாள். "அப்படியேதான் இருக்காவ" என்றேன். சந்தோஷத்தை முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொண்டு சோறு வடித்தேன். அவளுக்காகத்தான் மறைத்தேன், நல்ல எண்ணத்தில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வையாபுரியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காலி கட்டிலில் உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது மயிலாத்தாள் அவருடைய செருப்பை எடுக்க வந்தாள். இவர் பலகையை நின்று படித்தாள். தேதி தேதியாக, எண் எண்ணாகப் படித்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஒரு மாதமாக அவர் பலகையை நான் பார்த்த பார்வை அது.

"முந்தாநேத்தே ஏறிருச்சுங்களா?"

"ஆமா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லலீங்களே." வெளியே வராந்தாவுக்கு வந்தோம். இரண்டு பசங்களும் அங்கே லிஃப்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில்தான் பேசினாள். "டீச்சர், ஒண்ணு கேக்கறனுங்க. அன்னிக்குக் கையெழுத்துப் போடற நாள்ல உங்களத்தானே முதல்ல கூப்பிட்டாங்க? நீங்க ஏனுங்க போவல?"

நான் அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தேன்.

"நேத்துப் பெரியவன் காலண்டரப் பாத்துச் சொன்னானுங்க. அது ராகு காலமாமுங்க. நீங்க தெரிஞ்சுதானே உக்காந்திருந்தீங்க? பக்கத்துலதானே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

அந்த ராகு காலம் உனக்குப் புது மருந்தைக் கொடுத்தது, என் வீட்டுக்காரர் வாயிலிருந்து அதைப் பிடுங்கியது என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு மாதமாக நான் எந்த நேரத்தைச் சபித்தேனோ அதே நேரத்தை இவளும் சபிக்கிறாள், எதிர்ப்பக்கத்திலிருந்து. ஆனால் அவள் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. சொல்லலாமா என்று தோன்றி, சொல்லாமல் இருந்த அந்த ஒரு நொடியைப் பற்றிக் கேட்டாள்.

"தெரியும்" என்றேன். "சொல்லலை."

அவள் தலையை ஆட்டினாள். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

இவரிடம் வந்து சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மஜ்ஜைப் பரிசோதனை ரிசல்ட் வந்தது.

இவருக்குக் கவுண்ட் ஏறினாலும் மஜ்ஜையில் புற்றணு இன்னும் இருக்கிறது. முழுக்கப் போகவில்லை. திரும்ப ஒரு சுற்று மருந்து ஏற்ற வேண்டும், தேறி வரும் உடம்பு கொஞ்சம் தாங்கட்டும், அடுத்த வாரம் கழிந்து ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

"இந்தத் தடவை அந்தக் கத்திரிப்பூக் கலரைக் குடுங்க சார்."

ஆராய்ச்சி விதிப்படி ஒரு பக்கத்தில் சேர்ந்தவரை மறுபக்கத்துக்கு மாற்ற முடியாதாம். கடையிலும் இன்னும் வரவில்லையாம். டாக்டர் ரொம்ப மெதுவாக, என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். சத்தம் போடக்கூட ஆள் இல்லை.

இவர் மட்டும், "வையாபுரி எப்படி இருக்காரு டாக்டர்?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. விடுதியில் மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வையாபுரி திரும்ப வார்டுக்கு வந்துவிட்டார். எங்கள் அறை இல்லை, மூன்று அறை தள்ளி. கவுண்ட் ஏற ஆரம்பித்திருக்கிறதாம், மூச்சும் சீராகிவிட்டதாம். இதை எனக்குச் சொன்னது ஜெபமலர். நான் போகிற நேரத்தில் மயிலாத்தாள் சமையலறைக்கு வருவதில்லை. ஆனாலும் காலையில் ஒரு பாத்திரத்தில் எனக்கு வெந்நீர் மூடி வைத்திருக்கிறது. அதைக் கீழே கொட்டலாமா என்று நினைத்தேன். இவருக்கு வாய் கொப்பளிக்க எடுத்துக்கொண்டு போனேன்.

இவர் கேட்டார்: "நேரம் பார்த்துப் போட்டேன்னு ஒனக்கு இன்னும் வருத்தமா?"

"இல்லையா பின்னே? நான் கெடுத்தேன்லா."

"நீ எனக்கு நல்லது நடக்கணும்னுதான் நேரம் பார்த்த. அதுல என்ன தப்பு இருக்கு? அந்த அம்மாகிட்டச் சொல்லாம விட்டல்லா, அதுக்கு வேணும்னா வருத்தப்படு."

எப்போதும் இப்படித்தான். சண்டைக்கு இடம் கொடுக்காமலே நம்மைத் தோற்கடிப்பார்.

ஆகஸ்ட் 23, சனி

திங்கட்கிழமை இவருக்கு இரண்டாவது சுற்று ஆரம்பம். திரும்ப அதே சிவப்பு, அதே வாரம் முழுக்கத் தொங்குகிற பை. காலையில் கஞ்சி வைக்கப் போனேன்.

மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிளம்பப் போனவள், அடுப்பில் பால் இருந்ததால் நின்றாள். முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு, கழுவின டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் அரிசி கழுவினேன், சந்தோஷத்தை முந்தானையில் முடிந்துகொண்டு.

நேற்று வையாபுரிக்கு மஜ்ஜை ரிசல்ட் வர வேண்டிய நாள்.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"அப்படியேதானுங்க இருக்காரு."

பால் பொங்கியது. அடுப்பை நான்தான் அணைத்தேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குள் அது எழுந்து வருவது தெரிந்தது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து கண்ணுக்கு. இத்தனை நாள் அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தேன். களைப்பு என்றும் நல்ல எண்ணம் என்றும் வைத்திருந்தேன்.

"மயிலாத்தா, மறைக்காதிய. நான் மறைச்சேன்லா, அது போதும். ரிசல்ட் என்னன்னு வாயால சொல்லுங்க."

"வேண்டாமுங்க டீச்சர். உங்களுக்கு மனசு..."

"எரியும். நல்லா எரியும். நீங்க சொல்லுங்க."

டம்ளரைத் தொட்டிக்குள் வைத்தாள். புடவையில் கையைத் துடைத்தாள். முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கேயோ இழுபட்டது.

"சுத்தமாயிருச்சுங்க. மஜ்ஜையில ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

சொன்ன மாதிரியே எரிந்தது. பொறாமைதான், வேறொன்றும் இல்லை. அவள் கை என் கைக்குள் எப்போது வந்தது என்று தெரியவில்லை, ஈரமாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.